வங்கி விழுந்தால் எந்த ஊர்ச் சட்டம்?

லண்டனுக்குச் சட்ட மேற்படிப்புக்குப் போனதற்கு நான் வெளியே சொன்ன காரணம் ஒன்று, உள்ளே இருந்தது வேறு. அலுவலகத்தில், பதவி உயர்வுக்கு உதவும் என்றேன். வீட்டில், கொஞ்ச காலம் கவுன்டரை விட்டு நகர்ந்தால் உடம்புக்கு நல்லது என்றேன். இரண்டும் பொய்யில்லை. ஆனால் நாற்பதை நெருங்கும் வயதில், பொதுத்துறை வங்கி வேலைக்குச் சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைத்துக் கல்விக் கடன் வாங்கி, பள்ளிக்கூடம் போகும் மகனை அம்மா பொறுப்பில் விட்டுவிட்டு ஒருத்தி விமானம் ஏறுவதற்கு அந்தக் காரணங்கள் போதாது. எனக்கு ஒரு கேள்விக்குப் பதில் தெரிய வேண்டியிருந்தது. இதுவரை இதை யாரிடமும் இவ்வளவு வெளிப்படையாகச் சொன்னதில்லை.

கேள்வி கரூரில் வந்தது. 2020 நவம்பர் 17 மாலை, லட்சுமி விலாஸ் வங்கிக்கு மத்திய அரசு மாரடோரியம் அறிவித்தது. ஒரு டெபாசிட்தாரர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. 1926-ல் கரூர் வணிகர்கள் சேர்ந்து தொடங்கிய வங்கி அது. கரூரில் அதன் பெயர் தெரியாமல் வளர்ந்த பிள்ளை கிடையாது. நான் வேலை பார்த்தது அதே ஊரில் வேறொரு வங்கியின் கிளையில். இரண்டு மூன்று வங்கிகளில் கணக்கு வைத்திருப்பது எங்கள் ஊர் வியாபாரிகளின் வழக்கம் என்பதால், மறுநாள் காலை எங்கள் கவுன்டர் முன்னாலும் கூட்டம். பத்து நாளில், நவம்பர் 27 அன்று, சிங்கப்பூரின் டிபிஎஸ் வங்கி இந்தியாவில் நடத்தும் துணை நிறுவனத்தோடு அந்த வங்கி இணைக்கப்பட்டது. டெபாசிட்களுக்கு ஒரு பைசா குறையவில்லை. பங்கு மூலதனம் மொத்தமும் கணக்கிலிருந்து நீக்கப்பட்டது. அதற்கு முந்தைய நாள் 318 கோடி ரூபாய் மதிப்புள்ள பாண்டுகளும் பூஜ்யமாயின.

அந்த மாதக் கடைசியில் கிளைக்கு ஒரு பெரியவர் வந்தார். ஜவுளி ஏற்றுமதிக்கு நூல் சப்ளை செய்தவர். பென்ஷன் சான்றிதழ் வேலையாக வந்த மனைவியோடு துணைக்கு வந்திருந்தார். சும்மா பேச்சுக் கொடுப்பதுபோலக் கேட்டார்.

"ஏனம்மிணி, சிங்கப்பூர்க்காரன் எடுத்துக்கிட்டானாமே. அப்ப அங்க போட்ட பணமெல்லாம் இனி எந்த ஊர்ல இருக்கும்?"

"இங்கதானுங்கய்யா இருக்கும். அது இந்தியாவுல பதிஞ்ச கம்பெனிதான். ரிசர்வ் வங்கிதான் பாத்துக்கும்."

"பங்கு வெச்சிருந்தவங்களுக்கு?"

"ஒண்ணும் கிடையாதுங்க."

"பாண்டு வாங்குனவங்களுக்கு?"

"அதுவும் போச்சுங்க."

"டெபாசிட்டுக்கு முழுசு, பாண்டுக்கு ஒண்ணுமில்ல. பாண்டும் கடன்தானே அம்மிணி? இதை யாரு முடிவு பண்ணுனது?"

ரிசர்வ் வங்கி, மத்திய அரசு, வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் 45-ஆம் பிரிவு என்று சொன்னேன். சரியான பதில்தான். ஆனால் நான் சட்டம் படித்துவிட்டு வங்கித் தேர்வு எழுதி வந்தவள். அந்த பாண்டின் பெயரிலேயே 'பாசல் 3' என்று இருப்பது எனக்குத் தெரியும். பாசல் என்பது ஸ்விட்சர்லாந்தில் ரைன் நதிக்கரையில் இருக்கும் ஊர். அங்கே எழுதிய ஒரு நிபந்தனை கரூர்க்காரர் கையில் இருந்த பத்திரத்தை எப்படி வெற்றுத் தாளாக்கியது என்று விளக்கச் சொன்னால், எனக்கு நாலு வரிக்கு மேல் வராது. பெரியவர் போய்விட்டார். கேள்வி போகவில்லை.

2022 செப்டம்பரில் லண்டனில் சேர்ந்தேன். எல்.எல்.எம். என்பது ஒரு வருடப் படிப்பு. சில பாடங்களைத் தேர்ந்தெடுத்துப் படித்து, கோடையில் ஓர் ஆய்வேடு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். வகுப்பில் லாகோஸ், சாவோ பாலோ, அல்மாட்டி என்று பல ஊர் இளம் வக்கீல்கள். பெரும்பாலானவர்களுக்கு லண்டனின் பெரிய சட்ட நிறுவனம் ஒன்றில் நுழைய வேண்டும் என்பது கனவு. எனக்கு அவர்கள் மீது பொறாமை இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த வயசில் எனக்கு அந்தக் கனவு காணக்கூட வசதி இருந்ததில்லை. முதல் சில வாரங்கள் வகுப்பில் வாயே திறக்கவில்லை. டிரில்லியன் கணக்கில் பேசினார்கள். அந்தத் தொகையில் எங்கே மனிதர்கள் இருக்கிறார்கள் என்று எனக்குப் பிடிபடவே இல்லை. திரும்பி வந்துவிடலாமா என்று இரவுகளில் யோசித்திருக்கிறேன்.

பிடி கிடைத்தது 1974-ல். ஜெர்மனியின் கொலோன் நகரில் ஹெர்ஸ்டாட் என்றொரு வங்கி. அந்நியச் செலாவணி வியாபாரத்தில் பெருநஷ்டம் கண்டிருந்தது. 1974 ஜூன் 26 அன்று ஜெர்மன் அதிகாரிகள் அதன் உரிமத்தை ரத்து செய்தார்கள். அங்கே வங்கி நேரம் முடியும் மாலை வேளை. நியூயார்க்கில் அப்போது காலை. அன்றைய வியாபாரத்தில் ஹெர்ஸ்டாட்டுக்கு ஜெர்மன் மார்க் கொடுத்து முடித்துவிட்டவர்கள், பதிலுக்கு நியூயார்க்கில் வர வேண்டிய டாலருக்காகக் காத்திருந்தார்கள். டாலர் வரவில்லை. அந்தக் கைமாற்றத்தில் யாரும் தாமதம் செய்யவில்லை. பூமி சுற்றுவதால் உண்டாகும் நேர வித்தியாசம் மட்டுமே. கொடுத்த பணம் ஒரு ஊரில், வர வேண்டிய பணம் இன்னொரு ஊரில், நடுவில் ஒரு வங்கி செத்துவிட்டது. இன்றைக்கும் அந்த ஆபத்துக்கு ஹெர்ஸ்டாட் ஆபத்து என்றுதான் பெயர். இரண்டு நாணயங்களும் ஒரே நேரத்தில் கைமாறும்படி செய்யும் சிஎல்எஸ் வங்கி 2002-ல்தான் இயங்கத் தொடங்கியது. இருபத்தெட்டு வருடம்!

1974 முடிவில், பத்துப் பணக்கார நாடுகளின் கூட்டமைப்பைச் சேர்ந்த மத்திய வங்கி கவர்னர்கள் பாசலில் ஒரு குழு அமைத்தார்கள். அதுதான் பாசல் குழு. வங்கிகளுக்கு 8 சதவீத மூலதனம் வேண்டும் என்று 1988-ல் சொன்னதும் அதுதான், 2008 நெருக்கடிக்குப் பிறகு 'பாசல் 3' விதிகளை எழுதியதும் அதுதான். இந்தக் குழுவுக்குச் சட்டம் போடும் அதிகாரம் இல்லை. எந்த நாட்டு நாடாளுமன்றமும் அதற்கு அதிகாரம் கொடுத்ததில்லை. அது சொல்வதை ஒவ்வொரு நாடும் தானாக எடுத்துத் தன் சட்டமாக்கிக்கொள்கிறது. இந்தியா அதில் உறுப்பினரானது 2009-ல். அதற்கும் முன்பிருந்தே ரிசர்வ் வங்கி அதன் விதிகளைச் சுற்றறிக்கைகளாக அனுப்பிக்கொண்டிருந்தது. கரூர்க் கிளையில் நான் கோப்பில் போட்டு வைத்த சுற்றறிக்கைகளின் பூர்வீகம் எது என்று அன்றைக்குத்தான் எனக்கு முழுதாகப் புரிந்தது. சர்வதேச நிதிச் சட்டம் என்றொரு தனிப் புத்தகம் கிடையாது. ஒத்துக்கொண்ட சில வாக்கியங்கள் இருக்கின்றன. அவை ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு சட்டமாக உயிர் பெறுகின்றன. எந்த ஊரில் எப்படி உயிர் பெற்றன என்பது வங்கி நன்றாக நடக்கும்வரை யாருக்கும் தெரிவதில்லை.

அதிலிருந்து நான் படிக்கும் முறையை மாற்றிக்கொண்டேன். விதியிலிருந்து தொடங்குவதை விட்டுவிட்டு, ஒவ்வொரு வீழ்ச்சியையும் அதன் கடைசிக் கடன்காரர்வரை பின்தொடர்ந்து போனேன். யாருக்கு எவ்வளவு கிடைத்தது, எந்த ஊர் நீதிமன்றம் கொடுத்தது, எத்தனை வருடம் கழித்துக் கொடுத்தது. வகுப்பில் பேசவும் எனக்கு வாய் வந்தது. கவுன்டர் அனுபவம் அங்கே ஒரு குறையாக இல்லை, முதலாக இருந்தது.

நான் தங்கியிருந்தது ஈஸ்ட்ஹாமில், யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் வீட்டு மாடி அறையில். அவருடைய தம்பி கொழும்பில் தனியார் கம்பனி ஒன்றில் வேலை செய்து ஓய்வுபெறும் நிலையில் இருந்தார். 2022 ஏப்ரல் 12 அன்று இலங்கை அரசு வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. அடுத்த ஜூன் மாதமே நியூயார்க் நீதிமன்றத்தில் ஒரு வங்கி வழக்குப் போட்டது, ஏனென்றால் அந்தக் கடன் பத்திரங்களை ஆள்வது நியூயார்க் சட்டம். அக்கா ஒருநாள் சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டார்: "தங்கச்சி, நீங்கள் படிக்கிற சட்டம் எங்கட சனத்தின்ர காசுக்கு ஏதும் செய்யுமோ?"

2023-ல் அதற்கான பதிலைக் கண்ணால் பார்த்தேன். நியூயார்க் சட்டத்தின் கீழ் இருந்த பத்திரங்களை வைத்திருந்தவர்கள் வக்கீல் வைத்துப் பேரம் பேசினார்கள். 2024 டிசம்பரில்தான் அந்தப் பத்திரங்கள் மாற்றி எழுதப்பட்டன. ஆனால் அக்காவின் தம்பியைப் போன்ற இலங்கைத் தொழிலாளர்களின் ஊழியர் சேமலாப நிதி வைத்திருந்த பத்திரங்கள் உள்நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டவை. 2023-லேயே நாடாளுமன்றம் வழியாகச் சில மாதங்களில் வேலை முடிந்துவிட்டது. குறைந்த வட்டிக்குப் பத்திரங்களை மாற்றிக்கொள், இல்லையென்றால் அதிக வரி கட்டு என்று சொல்லப்பட்டது. சேமலாப நிதி மாற்றிக்கொண்டது. ஒரே நாட்டின் கடன்தான். எந்த ஊர்ச் சட்டம் என்ற ஒரு வரி, ஒருவருக்குப் பேரம் பேசும் மேசையையும் இன்னொருவருக்கு வெறும் அறிவிப்பையும் கொடுத்தது. அக்காவுக்கு இதை விளக்கியபோது அவர் கோபப்படவில்லை. எனக்குத்தான் கோபம் வந்தது.

அந்தப் படிப்பு வருடத்தில் மார்ச் மாதம் மறக்க முடியாதது. 2023 மார்ச் 10, வெள்ளிக்கிழமை, அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கி மூடப்பட்டது. அதன் பிரிட்டிஷ் துணை வங்கியைத் திங்கள் காலைக்குள் ஹெச்எஸ்பிசி ஒரு பவுண்டுக்கு வாங்கியது. அதை ஜீரணிப்பதற்குள் மார்ச் 19, ஞாயிற்றுக்கிழமை மாலை, சூரிச்சில் 1856-ல் பிறந்த கிரெடிட் ஸ்விஸ் வங்கியை யுபிஎஸ் வாங்குவதாக அறிவிப்பு. அடுத்த செமினாருக்கு டூட்டர் பாடத்திட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு ஒரேயொரு தாளைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். கிரெடிட் ஸ்விஸ் வெளியிட்ட ஏடி-1 (கூடுதல் முதல்நிலை மூலதன) பாண்டின் நிபந்தனைகளில் ஒரு பக்கம்.

அந்தப் பக்கத்தை இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் கரூர்ப் பெரியவரின் கேள்வி முழுக்க அதில்தான் இருக்கிறது. பாசல் குழு 2011 ஜனவரியில் ஒரு குறிப்பு வெளியிட்டது. சாதாரணப் பங்கைத் தவிர வங்கி மூலதனமாகக் கணக்கில் காட்டும் எந்தப் பத்திரத்திலும், வங்கி இனிப் பிழைக்காது என்று மேற்பார்வை அதிகாரி முடிவு செய்யும் நொடியில் அந்தப் பத்திரத்தின் மதிப்பு அழிய வேண்டும் அல்லது பங்காக மாற வேண்டும் என்றொரு நிபந்தனை இருக்க வேண்டும். நோக்கம் நல்லது. 2008-ல் வங்கிகளைக் காப்பாற்ற அரசுகள் மக்கள் வரிப்பணத்தைக் கொட்டின. பத்திரம் வாங்கிய பெரிய முதலீட்டாளர்கள் ஒரு காயமும் படாமல் தப்பினார்கள். இனி அப்படி நடக்கக் கூடாது என்றுதான் இந்த விதி. ரிசர்வ் வங்கியின் 'பாசல் 3' விதிகளிலும் இது வந்தது. லட்சுமி விலாஸ் வங்கியின் பாண்டில் இருந்தது இதன் வழித்தோன்றல்தான்.

ஆனால் யார் முதலில் நஷ்டப்பட வேண்டும்? உலகமெங்கும் ஒரு பழைய ஒழுங்கு உண்டு. முதலில் பங்குதாரர், அப்புறம்தான் கடன் கொடுத்தவர். கரூரில் இரண்டும் போயின. ஒழுங்கு கெடவில்லை. கிரெடிட் ஸ்விஸ்ஸில் பங்குதாரர்களுக்கு யுபிஎஸ் 300 கோடி ஸ்விஸ் பிராங்க் கொடுத்தது. சுமார் 1,600 கோடி பிராங்க் மதிப்புள்ள ஏடி-1 பாண்டுகளை ஸ்விஸ் மேற்பார்வை ஆணையமான ஃபின்மா பூஜ்யமாக்கியது. அதாவது முதலாளிக்கு மிச்சம், கடன் கொடுத்தவருக்கு வெறுங்கை. எங்கள் வகுப்பில் அன்று நடந்த சண்டை இன்னும் காதில் இருக்கிறது. நிபந்தனையிலேயே எழுதியிருக்கிறது, படித்துவிட்டுத்தானே வாங்கினார்கள் என்றது ஒரு தரப்பு. அரசு உதவி கிடைத்தால் அழியும் என்று எழுதியிருப்பது உண்மை, ஆனால் அந்த ஞாயிறன்றே அவசரச் சட்டத்தை மாற்றி அதிகாரம் எடுத்துக்கொண்டது எப்படி நியாயம் என்றது இன்னொரு தரப்பு. யுபிஎஸ் அறிவிப்புக்கு மறுநாளே பேங்க் ஆஃப் இங்கிலாந்தும் ஐரோப்பிய ஒன்றிய அதிகாரிகளும் தனித்தனி அறிக்கை விட்டார்கள்: எங்கள் ஊரில் பங்குதாரர்தான் முதலில் நஷ்டம் ஏற்பார். பாசல் ஒன்றுதான். பாசலிலிருந்து ஒரு மணி நேர ரயில் பயணத்தில் இருக்கும் சூரிச்சில் அதற்கு ஓர் அர்த்தம், கடல் தாண்டி லண்டனில் இன்னோர் அர்த்தம்.

அந்தச் செமினாரில் நான் எழுந்து யெஸ் வங்கி பற்றிச் சொன்னேன். வகுப்பில் பாதிப்பேருக்கு அது தெரியாது. 2020 மார்ச்சில் மும்பையில் இதே கதை நடந்து முடிந்திருந்தது. 8,400 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட ஏடி-1 பாண்டுகள் பூஜ்யமாக்கப்பட்டன. பங்குகள் பிழைத்துக்கொண்டன. ஃபிக்ஸட் டெபாசிட்டை உடைத்து இந்த பாண்டை வாங்கிய தனிநபர்களும் அதில் இருந்தார்கள் என்று செபி 2021 உத்தரவில் பதிவு செய்தது. மும்பை உயர்நீதிமன்றம் 2023 ஜனவரியில், அதாவது கிரெடிட் ஸ்விஸ்ஸுக்கு இரண்டு மாதம் முன்பு, அந்த நீக்கத்தை ரத்து செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது, தீர்ப்புக்குத் தடை வந்தது. ஐரோப்பியப் பேராசிரியர்கள் புதிதாகக் கண்டுபிடித்ததுபோலப் பேசிக்கொண்டிருந்த சிக்கலை நம் ஊர் ஓய்வூதியர்கள் மூன்று வருடமாக நீதிமன்றப் படியேறிச் சுமந்துகொண்டிருந்தார்கள். அதை அந்த அறையில் சொல்ல முடிந்ததில் எனக்குக் கர்வம் இருந்தது. மறைக்கவில்லை. பின்னாளில், 2025 அக்டோபரில், ஸ்விஸ் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் ஃபின்மாவின் ஆணைக்குப் போதிய சட்ட அடிப்படை இல்லை என்று தீர்ப்பளித்தது. அதுவும் மேல்முறையீட்டுக்குப் போயிருக்கிறது.

ஆய்வேட்டுக் காலம் வந்தது. ரஸ்ஸல் ஸ்கொயரில் இருக்கும் உயர்நிலைச் சட்ட ஆய்வு நிறுவனத்தின் நூலகத்தில் நாள்பூராவும் உட்கார்ந்திருப்பேன். எல்லை தாண்டிய திவால் பற்றிய புத்தகம் ஒன்றில், அடிக்குறிப்பில் ஒரு வழக்கின் பெயர் கண்ணில் பட்டது. மக்ஃபேடியன் கம்பெனி, 1908, இங்கிலாந்து கிங்ஸ் பெஞ்ச் தீர்ப்பு. மனு போட்டவர் பெயர் விஜயநகரம் கம்பெனி. ஆந்திர தேசத்து ஊர்ப்பெயரை லண்டன் தீர்ப்பில் பார்த்ததும் அலமாரிக்குப் போய்ப் பழைய தொகுதியை எடுத்தேன். படிக்கப் படிக்கத்தான் விளங்கியது: இது நம் சென்னை அர்பத்நாட் வங்கியின் கதை.

அர்பத்நாட் கம்பெனி விழுந்த கதை தமிழ்நாட்டில் பலருக்குத் தெரியும். 1906 அக்டோபர் 22 அன்று மெட்ராஸில் பணம் கொடுப்பதை நிறுத்தியது. பென்ஷன்காரர்கள், விதவைகள், உத்தியோகஸ்தர்கள் என்று ஆயிரக்கணக்கானவர்களின் சேமிப்பு அதில் இருந்தது. ஜார்ஜ் அர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் கிடைத்தது. அந்த ஆத்திரத்திலிருந்துதான் வி.கிருஷ்ணஸ்வாமி ஐயர் போன்றவர்கள் முன்னின்று 1907-ல் இந்தியன் வங்கியைத் தொடங்கினார்கள். பள்ளிக் காலத்திலிருந்து எனக்கும் இவ்வளவு தெரியும். தெரியாத பாதி லண்டனில் இருந்தது. அங்கே அந்தத் தொழில் பி.மக்ஃபேடியன் கம்பெனி என்ற பெயரில் நடந்தது. இரண்டுக்கும் கூட்டாளிகள் ஒரே ஆட்கள். அக்டோபர் 20 அன்று லண்டனில் பாட்ரிக் மக்ஃபேடியன் தற்கொலை செய்துகொண்டார். இரண்டு நாளில் மெட்ராஸ் கதவு சாத்தியது.

இப்போது இரண்டு ஊரில் இரண்டு திவால் வழக்கு. சொத்து கொஞ்சம் அங்கே, கொஞ்சம் இங்கே. திவாலானவர்களின் சொத்தைப் பொறுப்பேற்க லண்டனில் ஒரு டிரஸ்டி, மெட்ராஸில் அஃபிஷியல் அசைனி. அங்கேயுள்ள சொத்தை அங்கே கடன் கொடுத்தவர்களும் இங்கேயுள்ளதை இங்கேயுள்ளவர்களும் எடுத்துக்கொள்ள வேண்டுமா? ஒரு கடன்காரர் இரண்டு இடத்திலும் கை நீட்டலாமா? அந்த இரண்டு அதிகாரிகளும் கடிதம் எழுதிக்கொண்டு, ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். இரண்டு ஊர்ச் சொத்தையும் ஒன்றாகக் கருதி, எந்த ஊர்க் கடன்காரராக இருந்தாலும் ஒரே விகிதத்தில் பிரித்துக் கொடுப்பது என்று. காலனி ஆட்சிக் காலம் அது. மெட்ராஸ் பென்ஷன்காரரும் லண்டன் வியாபாரியும் ஒரே விகிதம் என்று சொல்ல எந்தச் சட்டமும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. எதிர்ப்பு வந்தது. லண்டனில் நீதிபதி பிகாம், இது எல்லோருக்கும் நன்மையான ஏற்பாடு என்று ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டார். எல்லை தாண்டிய திவாலில் இரண்டு நாட்டு அதிகாரிகள் ஒப்பந்தம் போட்டு நடந்துகொண்டதற்கு முன்மாதிரியாக இன்றைக்கும் அந்த வழக்கைக் காட்டுகிறார்கள்.

மெட்ராஸ் மக்களின் கண்ணீரிலிருந்து உலகச் சட்டத்துக்கு ஒரு நல்ல வழக்கம் கிடைத்திருக்கிறது, அது நமக்குத் தெரியவே தெரியாது. அந்தத் தொகுதியை மூடாமல் வெகுநேரம் வைத்திருந்தேன். பிறகு எழுதத் தொடங்கினேன். ஆய்வேட்டின் தலைப்பு அன்றே மாறியது.

1991 ஜூலை 5 அன்று மூடப்பட்ட பிசிசிஐ வங்கியிலும் அதே வழக்கத்தின் நிழலைப் பார்த்தேன். லக்சம்பர்க்கிலும் கேமன் தீவுகளிலும் பதிவு, தலைமை நிர்வாகம் லண்டனில், கிளைகள் எழுபது நாடுகளை ஒட்டி. முழுப் பொறுப்பாகக் கண்காணிக்க ஒரு நாடும் இல்லை. பிரிட்டனில் குடியேறிய தெற்காசியச் சிறுவியாபாரிகள் நிறையப் பேர் அதில் பணம் போட்டிருந்தார்கள். கலைப்பு அதிகாரிகள் லக்சம்பர்க், கேமன், இங்கிலாந்துச் சொத்துகளை ஒன்றாகச் சேர்த்துப் பிரிக்க ஒப்பந்தம் போட்டார்கள். பல வருடம் ஆனாலும் டெபாசிட்தாரர்களுக்குப் பெரும்பகுதி திரும்பக் கிடைத்தது. இன்னொரு பக்கம், கண்காணிக்கத் தவறியதாக பேங்க் ஆஃப் இங்கிலாந்து மீது டெபாசிட்தாரர்கள் சார்பில் தொடர்ந்த வழக்கு எப்படி முடிந்தது தெரியுமா? கவனக்குறைவு என்று நிரூபித்தால் போதாது, கெட்ட எண்ணத்தோடு செயல்பட்டார்கள் என்று நிரூபிக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். 2004-ல் விசாரணை தொடங்கியது. இரு தரப்புத் தொடக்க வாதங்களே மாதக்கணக்கில் நீண்டன. 2005 நவம்பரில் வழக்குத் திரும்பப் பெறப்பட்டது. மேற்பார்வை அதிகாரிக்கு இவ்வளவு பாதுகாப்பு தேவையா என்று என்னைக் கேட்டால், தேவையில்லை என்பேன். தினம் தினம் வழக்குக்குப் பயந்தால் அவர்களால் வேலை செய்ய முடியாது என்ற வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் பொறுப்பே இல்லாத அதிகாரம் எந்த ஊரிலும் சோம்பேறியாகிவிடும். நான் அரசு வங்கியில் இருப்பவள், எனக்குத் தெரியும்.

திரும்பி வந்து அதே வங்கியில், இப்போது பயிற்சிக் கல்லூரியில் இருக்கிறேன். கடன் இன்னும் கட்டி முடியவில்லை. இந்தப் படிப்புக்குப் போகலாமா என்று கேட்டு இளைஞர்கள் பேசுகிறார்கள். செலவு, விசா, வேலை வாய்ப்பு எல்லாம் பேசுவேன். லண்டனில் வேலை நிச்சயம் என்று யாராவது சொன்னால் நம்பாதே என்றும் சொல்வேன். போவதற்கு முன் நம் ஊர் வங்கி ஒன்று விழுந்த கதையை, சுற்றறிக்கை முதல் நீதிமன்றத் தீர்ப்புவரை, முழுக்கப் படித்துவிட்டுப் போ என்பேன். கையில் ஒரு கேள்வி இல்லாமல் அந்த வகுப்பில் போய் உட்கார்ந்தால், வருடம் முழுக்க மற்றவர்களின் கேள்விகளுக்குத்தான் பதில் எழுதிக்கொண்டிருக்க வேண்டும்.

பயிற்சிக்கு வரும் இளம் அதிகாரிகளிடம், அவர்கள் வாடிக்கையாளருக்கு விற்ற அல்லது விற்கச் சொல்லப்பட்ட ஏதாவது ஒரு பாண்டின் நிபந்தனைப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்கிறேன். அதில் 'மதிப்பு நிரந்தரமாக அழியும்' என்ற பத்தியைத் தேடிப் பிடிக்க வேண்டும். நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு நடுவே அது இருக்கும். பிடித்ததும், எதிரே உட்கார்ந்திருப்பவரை எழுபது வயசு ஆத்தாவாக நினைத்துக்கொண்டு அதைத் தமிழில் விளக்க வேண்டும். மேலாண்மைப் பட்டம் வாங்கிய பிள்ளைகள் திணறுகிறார்கள். விளக்க வராததை விற்கக் கூடாது என்று நான் சொல்ல வேண்டியதே இல்லை, அவர்களே ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

நம் நாட்டில் வங்கி விழுந்தால் என்ன செய்வது என்பதற்கென்றே ஒரு முழுமையான தனிச் சட்டம் கொண்டுவரும் முயற்சி நடந்தது. 2017-ல் நாடாளுமன்றத்தில் வந்த அந்த மசோதா, டெபாசிட் பணத்திலும் கை வைப்பார்கள் என்ற அச்சம் பரவியதால் 2018 ஆகஸ்டில் திரும்பப் பெறப்பட்டது. அந்த அச்சம் எங்கள் கிளையிலேயே தெரிந்தது, ஃபிக்ஸட் டெபாசிட்டை உடைக்க வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அச்சம் நியாயமானதுதான். அப்போது டெபாசிட் காப்பீடு ஒரு லட்சம் ரூபாய்க்குத்தான். 1993-ல் வைத்த வரம்பு அது. 2020 பிப்ரவரியில்தான் ஐந்து லட்சமானது. காப்பீட்டை உயர்த்தாமல் அப்படியொரு மசோதாவைக் கொண்டுவந்தது தவறான வரிசை என்று நான் நினைக்கிறேன். ஆனால் அப்படியொரு தனிச் சட்டமே இல்லாமல் ஒவ்வொரு வங்கிக்கும் ஒவ்வொரு திட்டமாக, அவசர அவசரமாக எழுதிக்கொண்டிருப்பதும் சரியில்லை. கரூரில் பாண்டும் பங்கும் சேர்ந்து போனதும், மும்பையில் பாண்டு போய்ப் பங்கு நின்றதும் அப்படித்தான் நடந்தது. மசோதா மறுபடி வரும். வரைவைப் பொதுமக்கள் கருத்துக்கு வைப்பார்கள். அடுத்த தடவை கரூரிலிருந்து, ஈரோட்டிலிருந்து, கும்பகோணத்திலிருந்து டெபாசிட்தாரர்களே எழுத வேண்டும். யாருக்கு முதலில், யாருக்குக் கடைசியில் என்ற வரிசையை அவர்கள் படித்துப் பார்த்துக் கேள்வி கேட்க வேண்டும். அதற்கு வேண்டிய விளக்கக் குறிப்புகளைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் குறிப்பு அர்பத்நாட் பற்றியது, இரண்டாவது அந்த பாண்டுப் பத்தி பற்றியது, மூன்றாவதை இந்த வாரம் ஆரம்பித்திருக்கிறேன்.